மணல்மேட்டில் ஒன்பதாம் வகுப்பு

விளாத்திகுளம் பக்கம் பேருந்தில் ஏறினால், நாம் டிக்கெட் வாங்குவதற்குள் பக்கத்து இருக்கைக்காரர் மூன்று கேள்வி கேட்டுவிடுவார். எந்த ஊர், யார் வீடு, அங்கே இன்னாரைத் தெரியுமா. மூன்றாவதற்குப் பதில் சொல்லும்போதே நம் தெரு எது, குலசாமி எது, யார் வீட்டில் கை நனைப்போம், யார் வீட்டில் மாட்டோம் என்பதெல்லாம் அவருக்குப் பிடிபட்டுவிடும். அதற்கேற்ப ஒட்டி உட்காருவார், அல்லது தள்ளி உட்காருவார். செங்கல்பட்டுச் சீமைக்கு வந்த புதிதில் எனக்கு விசித்திரமாக இருந்தது இதுதான்: இங்கே யாரும் அதைக் கேட்கவில்லை. வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது வீட்டுக்காரர் தனபால் அண்ணன், "சாரு பெர்மனென்டா, கான்ட்ராக்டா? தண்ணி காலைல ஒரு வேளதான் வரும், பரவால்லியா?" என்று கேட்டார். அவ்வளவுதான். என் கணவர் வம்சக் கதை சொல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டு தயாராக இருந்தார். "அதெல்லாம் இன்னாத்துக்கு சார், வூடு புடிச்சிதா?" என்று அண்ணன் சாவியை நீட்டிவிட்டார். எனக்கு உண்டான நிம்மதியைச் சொல்லி மாளாது. இப்படி ஒரு நாடு இருக்கும்போது இத்தனை நாள் கரிசலில் கிடந்து காய்ந்தோமே என்று நினைத்துக்கொண்டேன்.

விமானம் ஏறிப் போனவர்களைத்தான் புலம்பெயர்ந்தவர்கள் என்கிறார்கள். நான் ரயிலேறிச் செங்கல்பட்டில் இறங்கியவள். இதற்கு ஒரு கட்டுரையா என்று ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். கறுப்பு மண்ணைத் தவிர வேறு மண்ணை மிதித்திராத காலுக்கு, முழங்கை ஆழம் தோண்டினாலே தண்ணீர் ஊறும் வெள்ளை மணல் வேற்று நாடுதான். காலைப் பலகாரத்துக்கு நாஸ்தா என்றார்கள். தொல்லைக்குப் பேஜாரு என்றார்கள். பால் பூத்காரர் "இன்னாம்மே" என்று கூப்பிட்டால் சண்டைக்கு வருகிறார் என்று முதல் வாரம் முழுக்கப் பயந்தேன். தொண்ணூறுகளின் நடுவில், சதுரங்கப்பட்டினத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே, கடற்கரைச் சாலையை ஒட்டிய ஓர் ஊரில் குடியிருந்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே இன்னும் ஆட்கள் வாழ்கிறார்கள். கணவருக்கு அணுமின் நகரியத்தில் ஒப்பந்த வேலை. நிரந்தரம் ஆகாதவர்களுக்கு நகரியத்தில் வீடும் கிடையாது, அங்குள்ள பள்ளிக்கூடமும் கிடையாது. ஆகவே எங்கள் மகள் சுதா ஊர் நடுநிலைப் பள்ளியில் சேர்ந்தாள்.

சாலைக்குக் கிழக்கே ஊர், மேற்கே காலனி. பள்ளிக்கூடம் ஊருக்குள் இருந்தது. காலனிப் பிள்ளைகள் சாலையைத் தாண்டி வந்து படித்துவிட்டுப் போவார்கள். சுதாவுக்கு முதல் நாளே கிடைத்த சிநேகிதி எஸ்தர். அவள் அம்மா ராணி, தனபால் அண்ணன் சவுக்குத் தோப்பில் மரம் வெட்டும் நாட்களில் பட்டை உரித்துக் கட்டுக் கட்டும் வேலைக்குப் போகிறவள். பிள்ளைகள் வழியாக எனக்கும் ராணிக்கும் பழக்கம் ஏற்பட்டது. இந்தக் கடற்கரையில் நான் வாய்விட்டுச் சிரித்துப் பேசியது அவளோடு மட்டும்தான். எஸ்தர் கணக்கில் புலி. சுதாவுக்கு வீட்டுக் கணக்கைச் சொல்லிக் கொடுப்பதே அவள்தான். அவர்கள் ஏழாம் வகுப்பு போனபோது ராணி ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னாள்: "எட்டு முடிச்சா நின்னுரும், சுதாம்மா. ஒன்பதுக்கு ரெண்டு பஸ்ஸு மாறிப் போவணும். பொட்டப் புள்ளைய இருட்டுல இவங்கப்பா வுடமாட்டாரு. எங்க பக்கம் ஒரு பொண்ணும் ஒன்பது பார்த்ததில்ல." மழை வரும் போலிருக்கிறது என்பதைப் போலச் சொன்னாள். நானும் எட்டோடு நின்றவள். ஒன்பதாம் வகுப்பு எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தும் நிறுத்தப்பட்டவள்.

பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்குத் தலைவர் தேர்தல் வந்தது. அதுவரை பல வருடம் தனபால் அண்ணன்தான் தலைவர். அவர் பையன்கள் இருவரும் செங்கல்பட்டில் ஆங்கிலப் பள்ளியில் படித்தார்கள் என்பது வேறு விஷயம். புதிதாக வந்த தலைமையாசிரியர், பிள்ளை இந்தப் பள்ளியில் படித்தால்தான் தலைவராகலாம் என்று விதியைக் காட்டிவிட்டார். அண்ணன் தன் தம்பி மனைவியை நிறுத்தினார். நான் எதிர்த்து நின்றேன். எங்கள் பக்கத்தில் பால் சங்கத் தேர்தல் என்றாலும் வீடு வீடாகப் போய்ப் படியேறி, தண்ணீர் வாங்கிக் குடித்து ஓட்டுக் கேட்பார்கள். நானும் அப்படியே புறப்பட்டேன். கழகத் தலைவருக்கு நிற்கிறேன் என்றதும் பெட்டிக்கடைக்காரர், "எந்தக் கழகம்மா? மொதல்ல அத்த சொல்லு" என்றார். ஊரில் எல்லா வீட்டிலும் ஏறினேன். ராணியைக் கூட்டிக்கொண்டு காலனியிலும் எல்லா வீட்டிலும் ஏறினேன். எல்லா வீட்டிலும் தண்ணீர் குடித்தேன். தேர்தலன்று காலனிப் பெண்கள் வேலையை விட்டுவிட்டுத் திரண்டு வந்து கை தூக்கினார்கள். ஊர்க்காரர்களிலும் சிலர் தூக்கினார்கள். ஜெயித்துவிட்டேன். தனபால் அண்ணன் கோபித்துக்கொள்வார், வீட்டைக் காலி பண்ணச் சொல்வார் என்று கணவர் புலம்பினார். அண்ணனோ மறுநாள் இளநீர் கொடுத்தனுப்பினார். "நல்லதாப் போச்சும்மா. நீ ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான ஆளு" என்றார். அந்தச் சொல்லை நான் பல நாள் மனதுக்குள் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தேன்.

பொதுவான ஆள் ஒன்பதாம் வகுப்பு கேட்டுப் புறப்பட்டாள். செங்கல்பட்டுக் கல்வி அலுவலகத்துக்கு நடந்ததில் இரண்டு ஜோடிச் செருப்பு தேய்ந்தது. சில நாள் சுதாவையும் எஸ்தரையும் கூட்டிப் போய், "இந்தப் பிள்ளைகளுக்குத்தான் ஐயா கேட்கிறோம்" என்று முன்னால் நிறுத்துவேன். எஸ்தர் பயப்படாமல் பேசுவாள். உயர்நிலைப் பள்ளிக்கு இடம் காட்டுங்கள், மற்றதைப் பார்க்கலாம் என்றார்கள். ஊருக்குள் இருந்த இடமெல்லாம் சவுக்குத் தோப்பு, ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமையாளர். ஒருவரும் ஒரு துண்டு தரவில்லை. கால்வாய்ப் பக்கம் மழைக்குத் தண்ணீர் நிற்கும். மிச்சமிருந்தது காலனியைத் தாண்டிய மணல்மேடு. புறம்போக்கு, உயரமான இடம், நல்ல தண்ணீர், கடல்காற்று. அதைப் போய்ப் பார்த்தபோது எனக்கு அங்கேயே கட்டடம் தெரிந்தது. தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் இந்த மாவட்டத்துக்காரர். குனிந்து தன் மேசையைத் துடைத்துக்கொண்டே, "பெற்றோரைக் கூட்டிக் கேட்டுடுங்கம்மா" என்றார்.

கூட்டினேன். ஊரும் வந்தது, காலனியும் வந்தது. இடம், தண்ணீர், காற்று எல்லாவற்றையும் விவரித்துவிட்டு, "ஆருக்காவது ஆட்சேபண இருந்தா இப்பமே சொல்லிருங்க. பெறகு சொல்லப்படாது" என்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தனபால் அண்ணன் முன் பெஞ்சில் உட்கார்ந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏண்ணே, நீங்களாவது சொல்லுங்க" என்றேன். "நீ நல்லதுதானம்மா பண்ற. பண்ணு" என்றார். ராணியைப் பார்த்தேன். அவள் புடவைத் தலைப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மீண்டும் ஒரு முறை கேட்டேன். மீண்டும் அதே அமைதி. சரி, ஏகமனது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். எல்லோரும் போட்டார்கள்.

கரிசல்காரி வேறு எப்படி நினைப்பாள்? எங்கள் ஊரில் பிடிக்கவில்லை என்றால் அதை ஏழு ஊருக்குக் கேட்கிற மாதிரி சொல்வார்கள். கண்மாய்க் கரைக்கு மண் எங்கே எடுப்பது என்று பேசிய கூட்டத்தில் என் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மூன்று முறை வெளியே போய் மூன்று முறை திரும்பி வந்தார். எதிராளி நாற்காலியைத் தூக்கினார். கடைசியில் இருவரும் ஒரே சைக்கிளில் வீட்டுக்கு வந்தார்கள். சத்தம் போடாதவன் ஒப்புக்கொண்டவன், அதுதான் எங்கள் கணக்கு. இந்தக் கடற்கரையில் கணக்கு நேர்மாறு. இங்கே பிரியத்துக்குச் சத்தம் போடுவார்கள். தண்ணீர்க் குழாயில், பால் பூத்தில், பேருந்தில் போடுகிற கூச்சலெல்லாம் சும்மா. மனதில் முடியாது என்று விழுந்துவிட்டால் வாயை மூடிக்கொள்வார்கள், பிறகு அவர்கள் பாட்டுக்கு நடந்துகொள்வார்கள். அத்தனை வருடம் குடியிருந்தும் நான் இதைக் கற்றுக்கொள்ளவில்லை. அந்த அமைதியைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வீட்டில் பாயசம் வேறு வைத்தேன்.

கட்டடம் எழுந்தது. சின்னதுதான், ஆனாலும் சுண்ணாம்பு அடித்து நின்றபோது கண்ணுக்கு அழகாக இருந்தது. சுதாவும் எஸ்தரும் எட்டு முடித்த வருடமே ஒன்பதாம் வகுப்பு அங்கே தொடங்கியது. முதல் நாள் காலை நானும் புது ஆசிரியை ஒருவரும் வாசலில் நின்றோம். காலனியிலிருந்து பிள்ளைகள் தலைக்கு எண்ணெய் வைத்து, வரிசையாக மேடேறி வந்தார்கள். எஸ்தர்தான் முன்னால் வந்தாள். ஊர்ப் பக்கமிருந்து சுதா மட்டும் வந்தாள். பிறகு வருவார்கள் என்று ஆசிரியையிடம் சொன்னேன். மேட்டின் மேலிருந்து சாலை நன்றாகத் தெரியும். ஆங்கிலப் பள்ளியின் மஞ்சள் வேன் ஒன்று ஊர் முனையில் நின்றது. எங்கள் பள்ளியில் எட்டு முடித்த ஊர்ப் பிள்ளைகள், எனக்கு ஓட்டுப் போட்டவர்களின் பிள்ளைகள் உட்பட, புதுக் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு அதில் ஏறினார்கள். ஒருத்தர்கூட என்னிடம் அதுவரை ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

மறுபடியும் வீடு வீடாக ஏறினேன். எல்லோரும் மரியாதையாக உட்காரவைத்தார்கள். ஒரு வீட்டில், "மேட்டாண்ட பாம்பு கீதும்மா" என்றார்கள். இன்னொரு வீட்டில் தூரம் என்றார்கள். சாலையிலிருந்து மேடு, கூப்பிட்டால் கேட்கும். "வேன் வூட்டாண்டயே வருது, இன்னா பண்றது" என்றார்கள். உண்மையான காரணத்தை ஒருவர்கூடச் சொல்லவில்லை. ராணிதான், நான் அழுதுவிடுவேன் போலிருந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மேட்டுக்கு எங்க தெரு வழியாத்தான சுதாம்மா போவணும்? அவங்க பசங்க எங்க தெருவுல நடப்பாங்களா? நாங்க அவங்க ஸ்கூலுக்கு போவலாம். அவங்க எங்கள்துக்கு வரமாட்டாங்க." அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று அவள்மேல் பாய்ந்தேன். "நீ அவ்ளோ ஆசையா கேட்டுகினு இருந்த. எங்களுக்கும் ஆசை இருக்காதா? ஒருவேள நடந்துரும்னு நெனச்சோம்" என்றாள்.

அப்போது எனக்கு உறைத்தது ஒன்று உண்டு, அதை ஊரில் இருக்கும் உங்களுக்கென்றே எழுதுகிறேன். நம் பக்கமாக இருந்தால் இந்தத் தவறு எனக்கு நேர்ந்திருக்காது. எந்தத் தெரு யாருடையது, எந்தக் கிணறு யாருக்கு, எந்தப் பாதையில் யார் செருப்பைக் கழற்ற வேண்டியிருந்தது என்பதெல்லாம் நடக்கப் பழகும்போதே காலுக்குத் தெரிந்துவிடும். அந்த மேட்டை நான் திரும்பிப் பார்த்திருக்கவே மாட்டேன். இங்கே எனக்குத் தெருக்கள் தெருக்களாக மட்டும் தெரிந்தன. யாரும் என்னை யாரென்று கேட்காததால், அவர்களும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதில்லை என்று நினைத்துவிட்டேன். கேட்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை, எல்லாருக்கும் எல்லாம் முன்பே தெரியும். புதிதாக வந்த என்னை வெளியூர் என்ற ஒரு மூலையில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். நான் அதைத்தான் சுதந்திரம் என்று கொண்டாடிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் சவுக்கு வெட்டுக்குத் தனபால் அண்ணன் மதுராந்தகம் பக்கமிருந்து ஆள் கொண்டுவந்தார். மற்ற தோப்புக்காரர்களும் அப்படியே செய்தார்கள். காலனியில் ஒருவரையும் திட்டவில்லை, மிரட்டவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். ராணி, மாமல்லபுரத்தில் ஒரு விடுதிக்குப் பாத்திரம் தேய்க்கப் போனாள். வெறும் காலனிப் பிள்ளைகளையும் என் மகளையும் வைத்து ஒன்பதாம் வகுப்பு நடந்தது. விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். பிள்ளைகள் ஏன் சேரவில்லை என்று கூட்டத்தில் கேட்டார். ஊர் பேசவில்லை. காலனியும் பேசவில்லை, பேசினால் மிச்சமிருக்கும் வேலையும் போகும். நான் எழுந்து எங்கள் கரிசல் பேச்சிலேயே கத்தினேன். "தெரு வழியா நடக்க மாட்டாகளாம்யா! அதுதான் காரணம்! வேற ஒரு மண்ணும் இல்ல!" அதிகாரி என்னை வியப்பாகப் பார்த்து, "அம்மா எந்த ஊரு?" என்றார். நான் வாயெடுப்பதற்குள் தனபால் அண்ணன் எழுந்து, பரிவாகவே சொன்னார்: "அவங்க தெக்கத்தி சார். வெளியூரு. அவங்களுக்கு இங்கத்தி நெலவரம் தெரியாது." அதிகாரி தலையை ஆட்டினார். உங்கள் பக்கம் இப்படி இல்லையா அம்மா என்று மட்டும் அவர் கேட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் கேட்கவில்லை.

வருட முடிவில், பிள்ளைகள் போதவில்லை என்று உயர்நிலை வகுப்பை நிறுத்திவிட்டார்கள். தொடர விரும்புகிறவர்கள் திருக்கழுக்குன்றம் போகலாம் என்றார்கள். அங்கே போக அதே இரண்டு பேருந்து, அதே இருட்டு. எஸ்தர் ஒன்பது பார்த்துவிட்டாள், பத்துப் பார்க்கவில்லை. அவள் அப்பாவிடம் நானும் கணவரும் போய்க் கெஞ்சினோம். நாங்களே கூட்டிப் போய்க் கூட்டி வருகிறோம் என்றோம். அவர் கைகூப்பினார். "வுட்ருங்க சார். இத்தனை நாள் நாங்க பட்ட பேஜாரு போதும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அதே மாதத்தில், வேண்டும் வேண்டும் என்று வருடக்கணக்காக வேண்டிக்கொண்டிருந்தபோது வராத நிரந்தர வேலை என் கணவருக்கு வந்தது. சுதாவுக்கு நகரியப் பள்ளியில் இடம் கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவித்தேன்.

பள்ளி திறந்த நாள் காலையில் சுதாவோடு சாலை முனையில் நின்றிருந்தேன். எதிர்ப்பக்கம் எஸ்தர் நின்றிருந்தாள். எறால் உரிக்கும் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப் போகும் டெம்போ அவளுக்கு வர வேண்டும். இருவரும் சாலைக்கு இரண்டு பக்கமிருந்தும் எதையோ சைகையில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிப் பேருந்து முதலில் வந்தது. அது போன பிறகு நான் எதிர்ப்பக்கம் கடந்து போனேன். எஸ்தர் சோற்று டப்பாவைக் கையில் வைத்திருந்தாள். சுதாவின் பழைய சீருடைச் சட்டையைத்தான் போட்டிருந்தாள். டெம்போ வந்தது. ஏறி, இடுக்கில் உட்கார்ந்துகொண்டு, கேலியாக அல்ல, நிஜமாகவே சொன்னாள்: "பிரசிடெண்டம்மா, மேட்டு ஸ்கூல் மறுக்கா தொறந்தா சொல்லி அனுப்புங்க. நான் வந்துர்றேன்." அனுப்புகிறேன் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

சுதா படித்து முடித்து, இப்போது நாவலூரில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். நாங்களும் அங்கேயே ஓர் அடுக்ககத்துக்கு வந்துவிட்டோம். பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூட யாருக்கும் தேவைப்படாத இடம். போன வருடம் தனபால் அண்ணன் பேத்திக்குக் காது குத்து என்று அழைப்பு வந்தது, போனேன். சாப்பாடு முடிந்ததும் கால்கள் தாமாகவே மேட்டுக்குப் போயின. அண்ணனும் பேசிக்கொண்டே கூட வந்தார். காலனித் தெரு வழியாகத்தான் வந்தார். வயதாகிவிட்டது, என்னோடு வருவதில் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை போலிருக்கிறது. கட்டடத்தில் பஞ்சாயத்தின் உடைந்த நாற்காலிகளும் குழாய்களும் கிடந்தன. வாசல் சுவரில் திறப்பு விழாக் கல்வெட்டு அப்படியே இருந்தது. விழாவன்று அதைப் பார்த்து எனக்குக் கண்ணீர் வந்திருந்தது. எல்லார் பெயருக்கும் பதவி மட்டும் போட்டிருந்தார்கள். என் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் என் ஊர்ப் பெயரையும் செதுக்கியிருந்தார்கள்: செண்பகவல்லி, விளாத்திகுளம். கல்வெட்டு வாசகத்தைக் கவனித்துக்கொண்டது தனபால் அண்ணன்தான். பிறந்த மண்ணுக்கு இந்தக் கடற்கரையில் ஒரு கௌரவம் செய்துவிட்டார் என்று அன்றைக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"எனக்கு மட்டும் ஏண்ணே ஊர் பேரு போட்டீக?" என்று இப்போதுதான் கேட்டேன்.

"இன்னாம்மா, நாளைக்கி நம்ம பேரப் பசங்க கேப்பாங்க இல்ல, இத்த யாரு இங்க கொண்டாந்து கட்னதுன்னு? நம்ம ஊரு ஆளு இல்லன்னு தெரியணும்ல" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு, வெயிலில் நிற்காதே என்று என்மேல் குடையைச் சாய்த்துப் பிடித்தார்.

விளாத்திகுளத்தில் இன்று என் பெயர் எதிலும் இல்லை. ரேஷன் அட்டையில் நீக்கியாயிற்று, வாக்காளர் பட்டியலில் நீக்கியாயிற்று, அப்பா வீட்டை விற்றாயிற்று. என் பெயரும் என் ஊரும் சேர்ந்து இருப்பது உலகத்திலேயே அந்த ஒரு கல்லில்தான். விளாத்திகுளத்துக்காரி ஒருத்தி காலனி மேட்டில் ஒன்பதாம் வகுப்பு கட்டினாள் என்று அது சொல்கிறது. விளாத்திகுளத்தில் கட்டியிருப்பாளா என்று அந்தக் கல்லைப் பார்க்கிற யாரும் கேட்கப் போவதில்லை. நான் கேட்டுக்கொண்டேன். கட்டியிருக்க மாட்டேன்.